தவிட்டுக்கு விற்ற மித்ரி

பாலத்துத் தோட்டம்,
சுபானு வருஷம் ஆனி 9

தம்பி சதாசிவத்துக்கு அக்கா மங்களம் எழுதுவது. உன்னையும் உன் பெண்சாதி பாப்பாவையும் நோய்நொடி அண்டாமல் மாரியம்மா பார்த்துக்கொள்ளட்டும். இங்கே காய்ச்சல் இரண்டு தடவை என்னை வந்து பார்த்துவிட்டு, இவளிடம் தின்ன ஒன்றும் இல்லை என்று போய்விட்டது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒத்துக்கொள்கிறேன். சித்திரையில் நீ என் மகனுக்கென்று கொடுத்தனுப்பிய வேட்டி, அவன் இடுப்பைப் பார்க்கவே இல்லை. நான்தான் கட்டியிருக்கிறேன். என் சேலை பின்பக்கம் நைந்துபோய், கிழங்குக் காட்டுக்கு நடக்கும்போது யாரையும் எனக்குப் பின்னால் வரவிடாமல் கடைசி ஆளாக நடந்துகொண்டிருந்தேன். இப்போது முன்னால் நடக்கிறேன். வேட்டியோடு தூரத்தில் பார்த்த, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, "சதாசிவம் எப்ப வந்தான்?" என்று கேட்டாராம். வயிறு ஒன்றுதான் குறைச்சல், மற்றபடி நீதான்.

சிரித்தது போதும். நேற்று காலை கிராணி நாங்கள் குடியிருக்கிற லயத்து வாசலில் நின்று பெயர் படித்தார். சயாமில் ரயில் பாதை போட இந்தத் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு ஆள். பங்குனியில் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. ஒரு வரி எழுத்தும் இல்லை. ஐந்தாவது பெயர் மித்ரி. இன்னும் இரண்டு வாரத்தில் லாரி வருகிறது.

நான் கிராணியின் காலைப் பிடித்தேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "ருஷ்யாக்காரனை மட்டும் ஜப்பான் தொடறதில்ல. அவங்களுக்குள்ள சண்டை இல்ல. உன் மவனுக்கு அந்த ஆள்தானே பேர் வச்சான்? போய்க் கேட்டுப் பாரு" என்றார்.

புந்தோங்கில் உன் சைக்கிள் கடைக்கு ரப்பர் டயர் அறுத்துத் தருகிற எஞ்சின் துரையைத்தான் சொல்கிறார். துரைக்கு மறந்திருக்கும், நீ நினைவுபடுத்து. முதல் மூன்றும் எனக்குத் தங்காமல் போனதும், நாலாவதைத் தவிட்டுக்கு விற்றால் எமன் ஏமாந்து போவான் என்று சொன்னார்கள். சொந்தக்காரர்களிடம் விற்றால் எமனுக்கு வழி தெரியும், வெள்ளைக்காரன் வீட்டுக்குப் போகப் பயப்படுவான் என்று நான்தான் விளையாட்டாகச் சொன்னேன். அப்போது ரப்பர் புகைக்கொட்டகை எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்த துரை, குதிரைத் தீனியிலிருந்து ஒரு பால் டின் தவிடு கொடுத்து வாங்கினார். வாங்கினவர்தான் பேர் வைக்க வேண்டும் என்றோம். கொஞ்ச நேரம் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு "மித்ரி" என்றார். பிச்சை, குப்பை என்று வைப்பதுபோல அவர் தேசத்தில் ஏதோ ஒன்று என்று நாங்கள் விட்டுவிட்டோம். நல்ல நாள் பார்த்துத் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டிருக்க வேண்டும். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று நான் தள்ளியதில் துரையே உன் ஈப்போவுக்குப் போய்விட்டார்.

அந்தக் கணக்குப்படி மித்ரி இன்னும் அவர் பிள்ளைதான். அப்படி ஒரு வார்த்தை ஜப்பான்காரனிடம் சொல்லச் சொல். உடையப்பனின் கரி லாரி வெள்ளிக்கிழமை திரும்பும். பதில் கொடுத்தனுப்பு.

உன் அக்கா,
மங்களம்

.

புந்தோங்,
ஆனி 17

அக்காவுக்கு சதாசிவம் வணக்கம். நாங்கள் சுகம். உன் காய்ச்சலுக்குப் பாப்பா நிலவேம்பு கொடுத்தனுப்புகிறாள்.

உன் கடிதத்தைப் படித்தேன். கடையைப் பாதியில் பூட்டிவிட்டுத் துரையிடம் போனேன். பேசினேன். சம்மதித்துவிட்டார். காகிதம் சரியாக இருக்கிறது.

மித்ரியை உடையப்பன் லாரியிலேயே அனுப்பிவிடு. துரை வீட்டில்தான் அவன் இருக்க வேண்டும். வேறு எதையும் இப்போது கேட்காதே. வேட்டி போகட்டும்.

சதாசிவம்

.

பாலத்துத் தோட்டம்,
ஆனி 25

தம்பிக்கு அக்கா எழுதுவது. மித்ரி வந்து சேர்ந்தானா? உடம்பு சரியாக இருக்கிறானா? கிழங்கு மட்டும் தின்று வளர்ந்தவன், பாப்பா சோற்றைக் கண்ணில் காட்டினால் பயந்துவிடுவான். மெதுவாகப் பழக்குங்கள்.

கிராணி பட்டியலில் அவன் பேர் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் உயிரிலேயே இழுத்ததுபோல அத்தனை நேராக இழுத்தார். நேற்று லாரி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. என் மகன் அதில் இல்லை.

நீ எழுதியது கடிதமா, தந்தியா? "சம்மதித்துவிட்டார்", "காகிதம் சரி", "கேட்காதே". சிறு வயதில் வெல்லத்தைத் திருடித் தின்றுவிட்டு நிற்பாயே, அந்த முகம்தான் எழுத்தில் தெரிகிறது. துரை என்ன கேட்டார்? சும்மா ஒரு மனிதன் அடுத்தவன் பிள்ளையைத் தன் பிள்ளை என்று எழுதுவானா?

இங்கே வேறு விசேஷம் இல்லை. பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் நாலு நாளாக என்னோடு பேசுவதில்லை. தண்ணீர்க் குழாயில் ஏதோ மனஸ்தாபம். சரியாகிவிடும்.

மங்களம்

.

புந்தோங்,
ஆடி 4

அக்காவுக்கு சதாசிவம் வணக்கம். மித்ரி சுகமாக இருக்கிறான். நீயும் அப்படியே இருக்க வேண்டும். இதை உட்கார்ந்து படி.

அன்று நான் துரையிடம், "இவன் உங்க மகன்னு ஒரு காகிதம் எழுதித் தர முடியுமா துரை?" என்று கேட்டேன். அவர் டயர் அறுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "எழுத வேணாம். இருக்கு" என்றார்.

உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். அதில் அவருடைய பழைய பாஸ்போர்ட். அதற்குள் மடித்து ஒரு காகிதம். பாதி இங்கிலீஷ், பாதி அவர் தேசத்து எழுத்து. அவர்தான் படித்துச் சொன்னார். கீழே அந்தக் காலத்தில் தோட்டத்தை நடத்திய பெரிய துரையின் கையெழுத்தும் முத்திரையும். மித்ரி பிறந்த மாதத்திலேயே எழுதியது, அக்கா. இவன் என் மகன் என்று. இருபத்தொரு வருஷமாக வைத்திருக்கிறார்.

நான் அசந்துபோய், "துரை, அது சும்மா எமனை ஏமாத்தற வழக்கம்லா" என்றேன்.

"எனக்கு யாரும் அப்படிச் சொல்லல" என்றார். அவ்வளவுதான். திரும்பவும் டயரை அறுக்க ஆரம்பித்துவிட்டார்.

இதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் போன கடிதத்தில் விட்டுவிட்டேன். அதோடு முடிந்திருந்தால் இப்போதும் எழுதியிருக்க மாட்டேன்.

முந்தாநாள் ஜப்பான் ஆபீசில் துரையையும் மித்ரியையும் கூப்பிட்டார்கள். அங்கிருந்த அதிகாரி துரையின் சிவந்த முகத்தைப் பார்த்தான். நம் மித்ரியின் முகத்தைப் பார்த்தான். கையை நீட்டி மித்ரியின் கன்னத்தைத் தேய்த்துக்கூடப் பார்த்தான். "இது எப்படி?" என்று கேட்டானாம். துரை, "அவன் அம்மா மாதிரி" என்று சொல்லியிருக்கிறார்.

காகிதத்தில் அம்மா பேர் எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த அம்மாவைக் கூட்டிவா என்று ஆடி 20ஆம் தேதி நாள் கொடுத்திருக்கிறான். வராவிட்டால் காகிதம் பொய் என்று ஆகும். மித்ரி அடுத்த ரயிலில் சயாம். துரைக்கு என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

அக்கா, நீ வந்து அவருடைய பெண்சாதி என்று சொல்ல வேண்டும்.

சதாசிவம்

.

பாலத்துத் தோட்டம்,
ஆடி 7

சதாசிவத்துக்கு,

சுகம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீயே கேட்டுக்கொள்.

உன் மச்சான் போய் நாலு வருஷம் ஆகிறது. இந்த லயத்தில் என்னை ஒருவன் ஒரு சொல் சொன்னதில்லை. நான்தான் எல்லோரையும் சொல்வேன். அந்த வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்த மனிதருக்கு ஒரு வார்த்தை, இது விளையாட்டு என்று, ஒரே ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? யார் சொல்வது? விற்றவள் நான்தானே.

வருகிறேன்.

மங்களம்

.

புந்தோங்,
ஆடி 11

அக்காவுக்கு சதாசிவம் பாப்பா வணக்கம். நாங்கள் சுகம். நீ சாப்பிடுகிறாயா என்று உடையப்பனைக் கேட்டால், தலையைச் சொறிகிறான்.

மனதில் வைத்துக்கொள். 20ஆம் தேதி உடையப்பன் உன்னை நேராக ஆபீஸ் வாசலில் இறக்குவான். காவலுக்கு நிற்கிறவனுக்கு இடுப்பு வளையக் கும்பிடு போட வேண்டும். துரையைப் பிள்ளை பிறப்பதற்கு முந்தின வருஷத்திலிருந்து தெரியும் என்று சொல். தோட்டத்தில் குடியிருந்தது, துரை வேலை போய் ஈப்போ வந்தது, கிழங்குக் காட்டுக்காக நீ அங்கேயே தங்கியது, எல்லாம் உள்ளதை உள்ளபடி சொல். ஒன்றே ஒன்றுதான் பொய், அதை நீ சொல்ல வேண்டாம், அவர்களே நினைத்துக்கொள்வார்கள். அங்கே பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு தமிழ் துபாசி இருக்கிறார். அவரிடம் எச்சரிக்கையாக இரு. ஜப்பான்காரனுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

எனக்கு எழுதக் கஷ்டமாக இருப்பதைப் பாப்பா எழுதச் சொல்கிறாள். நீ பொட்டு வைத்துக்கொண்டு வர வேண்டும். கழுத்தில் மஞ்சள் கயிறு வேண்டும். அவள் சேலை ஒன்றும் இதனோடு வருகிறது. கயிறும் குங்குமமும் அதற்குள் மடித்து வைத்திருக்கிறாள். அதை மடிக்கும்போது அவள் அழுதாள்.

என்னை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நிற்பேன்.

சதாசிவம்

.

பாலத்துத் தோட்டம்,
ஆடி 23

தம்பிக்கு அக்கா எழுதுவது. மாரியம்மா புண்ணியத்தில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இதைவிடப் பெரிய சுகம் இந்த வருஷத்தில் கிடையாது.

அன்று வெளியே வந்ததும் உன்னைப் பார்த்தும் பார்க்காததுபோல லாரியில் ஏறிவிட்டேன். கோபம் இல்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. எழுத்து குண்டும் குழியுமாக இருந்தால் இரண்டாம் வகுப்போடு நிறுத்திய நம் அப்பாவைத் திட்டு.

உள்ளே மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. சின்ன வயசு. பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட துபாசி. ஒரு ஓரத்தில் துரை, ருஷ்யாக்காரன் என்று காட்டுகிற துணிப்பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு. இன்னொரு ஓரத்தில் என் மகன். அவன் என் நெற்றியைப் பார்த்தான். பிறகு நான் வெளியே வரும்வரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

குடியிருந்த இடம், வருஷம் எல்லாம் கேட்டார்கள். நீ சொன்னபடி சொன்னேன். அதிகாரி ஏதோ கேட்டான். துபாசி சொன்னார், "உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

தம்பி, எனக்கு உயிர் போய்விட்டது. அவர் பேர் எனக்குத் தெரியாது! இருபத்தொரு வருஷமாக எஞ்சின் துரை. அவருக்கு என்று ஒரு பேர் இருக்கும் என்றே நான் நினைத்ததில்லை. நீ என்னென்னவோ சொல்லிக்கொடுத்தாய், இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெண்சாதியைப் பார்த்துப் புருஷன் பேரைக் கேட்பான் என்று நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை பார்.

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மகனைச் சயாமுக்கு அனுப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அதிகாரி மேஜையைத் தட்டினான். இன்னொரு தடவை தட்டினான். என் காதில் ரயில் ஓடியது.

துபாசி ஜப்பான் பாஷையில் ஏதோ நீட்டிச் சொன்னார். அதிகாரி நம்பாமல் என்னைப் பார்த்தான். துபாசி என் பக்கம் திரும்பி, "பயப்படாதீங்க. நம்ம பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்கன்னு சொல்லியிருக்கேன். எங்க வீட்ல எங்கம்மாவும் அப்படித்தான்" என்றார்.

உன் மச்சான் பேரை இன்றுவரை நான் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும். சாகிற அன்றுகூடச் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்தப் பழக்கத்தை வைத்து நான் இன்னொருவருக்குப் பெண்சாதி ஆனேன்.

பிறகு அதிகாரி, மாமனார் பேர் கேட்டான். துபாசியே சிரித்து, "அதையும் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை எடுத்துத் தாமாகவே படித்தார். "பையனோட தாத்தா பேரு... மித்ரி. அட, தாத்தா பேரைத்தான் பேரனுக்கு வச்சிருக்கீங்க. நம்ம ஆளுங்க மாதிரியே!"

தம்பி, நான் நிமிர்ந்து துரையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன. தன் அப்பா பேரை வைத்திருக்கிறார். குப்பை என்று நினைத்து நான் லயம் முழுக்கக் கத்திய பேர், அவருடைய அப்பா பேர். முதல் பேரனுக்கு வைக்கிற பேர்.

அதை நினைக்கக்கூட நேரம் தரவில்லை. அதிகாரி எழுந்து என் மகன் பக்கம் கையைக் காட்டினான். துபாசி, "உங்க மகனைக் கூப்பிடச் சொல்றாரு" என்றார். சொல்லிவிட்டு என் வாயையே பார்த்தார்.

'மி' என்று பல் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் புரிந்தது. மாமனார் பேரைப் பிள்ளைக்கு வைத்திருந்தால் எந்த மருமகள் வாய் திறந்து கூப்பிடுவாள்? ஜப்பான்காரனுக்கு அது தெரியாது. துபாசிக்குத் தெரியும். என் பிள்ளையை அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் என் பிள்ளை இல்லை என்று ஆகிவிடும்.

பெற்ற நாளிலிருந்து கூப்பிட்ட பேரை விழுங்கினேன். வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? வீட்டில் இன்னொரு பேர் எருமைதான். அதையும் ஒரு நொடி யோசித்தேன்.

"ஐயா... இங்க வாங்க ராசா" என்றேன்.

என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவன் ஜென்மத்தில் கேட்டதில்லை. திகைத்துப் போய்விட்டான். ஆனால் கெட்டிக்காரன். வந்தான். வந்து என் பக்கத்தில் நின்றான். அதிகாரி முத்திரையை எடுத்துக் குத்தினான். அந்தச் சத்தம் இன்னும் என் முதுகில் இருக்கிறது.

பொட்டை அழிக்க மறந்து லயம்வரை வந்துவிட்டேன். குழாயடியில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒருத்தியும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பேன்.

மங்களம்

.

புந்தோங்,
ஆவணி 14

அக்காவுக்கு சதாசிவம் வணக்கம். நாங்கள் சுகம். உன் கடிதத்தைப் பாப்பா மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அவர் பேர் இவான், அக்கா. எனக்கும் அன்றைக்குத்தான் மித்ரி சொல்லித் தெரியும். ஊரெல்லாம் துரை என்றால் நானும் துரை என்று இருந்துவிட்டேன்.

மித்ரி டயர் அறுக்கக் கற்றுக்கொண்டான். சோதனைக்கு ஆள் வருகிற நாளில் துரையை அப்பா என்று கூப்பிடுகிறான். வராத நாளில் ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. துரை எதையும் காட்டிக்கொள்வதில்லை. அவனுக்கு மட்டும் முட்டை வாங்குகிறார். எங்கே வாங்குகிறார் என்று தெரியவில்லை.

உடையப்பன் நேற்று ஒன்று சொன்னான். மித்ரி பேரில் கோடு போட்டதும் பன்னிரண்டுக்கு ஒரு ஆள் குறைந்ததாம். அந்த இடத்தில் கருப்பம்மாள் மகன் பத்துமலையை எழுதிவிட்டார்களாம். நீ தண்ணீர்க் குழாய் என்று எழுதியிருந்தாய்.

சதாசிவம்

.

பாலத்துத் தோட்டம்,
புரட்டாசி 20

தம்பிக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஆமாம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினார். சிவப்பு மையால் கோடு இழுத்துவிட்டு, பேனாவை மாற்றிக் கறுப்பு மையால் பத்துமலை என்று எழுதினார். உனக்கு எழுதும்போது சிவப்பை மட்டும் எழுதினேன்.

லாரி கிளம்பும்போது கருப்பம்மாள் ஓடவில்லை, கத்தவில்லை. என் வாசலுக்கு வந்து நின்று, "எம் புள்ளைக்கு வெள்ளைக்கார அப்பன் இல்லாமப் போச்சே, மங்களம்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகை. அவள் இருமுவது எனக்குக் கேட்கிறது, நான் இருமுவது அவளுக்குக் கேட்கும். நான் இருமலை அடக்கிக்கொள்கிறேன்.

நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் தேவலை. திரும்பவும் அதே நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

துரையிடம் ஒன்று கேட்டுச் சொல். கொஞ்சம் தவிடு எப்படியாவது தேடி எடுத்துக்கொண்டு வந்தால் பிள்ளையை முறைப்படி திருப்பித் தருவாரா?

மங்களம்

.

புந்தோங்,
மார்கழி 18

அக்காவுக்கு சதாசிவம் வணக்கம். நாங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

சயாம் பாதை முடிந்துவிட்டதாம். ஆள் எடுக்கிற ஆபீசில் இப்போது ஒருவனும் பட்டியல் கேட்பதில்லை. போனவர்களைப் பற்றி மட்டும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பத்துமலை பேரைச் சொல்லி மூன்று இடத்தில் விசாரித்தேன். கருப்பம்மாளிடம் அதைச் சொல். அல்லது சொல்லாதே, உனக்குத்தான் தெரியும்.

துரையிடம் கேட்டேன். "தவிடு எடுத்துட்டு வர வேணாம்னு சொல்லு" என்றார். என்ன அர்த்தம் என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

அதிகாரி மாறிவிட்டான். புதியவனிடம் ஊர் போய்வர ஒரு நாள் அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கிறார்கள். தை 2ஆம் தேதி இரண்டு பேரும் உடையப்பன் லாரியில் தோட்டத்துக்கு வருகிறார்கள். மித்ரிதான் அழைத்துவருகிறானா, துரை அழைத்துவருகிறாரா என்று என்னைக் கேட்காதே.

சதாசிவம்

.

பாலத்துத் தோட்டம்,
தை 4

தம்பிக்கும் பாப்பாவுக்கும் அக்காவின் ஆசீர்வாதம். பொங்கல் என்று ஒன்று வந்து போயிற்று. அரிசி வரவில்லை. மற்றபடி எல்லா விசேஷமும் உண்டு.

வந்தார்கள். துரை தலைமுடி பாதி வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்துத் தொப்பியை எடுத்தார். நான் முக்காட்டை இழுத்துவிட்டேன். யாருக்காக இழுத்தேன் என்று தெரியவில்லை, ஆபீசுக்காரன் ஒருவனும் இல்லை. லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நல்லம்மாள், "எஞ்சின் துரையம்மா, வெக்கத்தப் பாரு!" என்றாள். இருபத்தைந்து வருஷம் நான் எல்லோருக்கும் கொடுத்ததை ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டேன்.

மித்ரி சதை வைத்திருக்கிறான். முட்டைக்குத் துரையிடம் நன்றி சொல்ல நினைத்தேன். அதற்கும் வாய் வரவில்லை. நானே பேசாமல் நின்றால் இந்தத் தோட்டத்தில் பேச யார் இருக்கிறார்கள்? இரண்டு பேரும் பழைய புகைக்கொட்டகையைப் பார்க்கப் போனார்கள். துருப்பிடித்த எஞ்சினைத் துரை தொட்டுத் தொட்டுக் காட்ட, இவன் குனிந்து குனிந்து பார்க்கிறான். நான் அடுப்பில் கிழங்கை ஏற்றிவிட்டு, சாப்பிடக் கூப்பிட லயத்துக் கோடிக்குப் போனேன்.

போய் நின்றேன். கூப்பிட முடியவில்லை.

மித்ரி என்று கூப்பிட வாயைத் திறந்தால், அந்த மனிதரின் அப்பாவை அவர் எதிரிலேயே டேய் என்று அழைப்பதுபோல இருந்தது. ஐயா என்று கூப்பிட்டால் ஆபீஸ் வந்து கண்முன்னால் நிற்கிறது. எருமை என்றால் துரை என்ன நினைப்பார்? மூன்று தடவை திறந்து மூடினேன். லயமே வாசலில் நின்று பார்க்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தம்பி. பெற்ற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட எனக்கு ஒரு பேர் இல்லை.

பின்னால் கதவு திறக்கிற சத்தம். கருப்பம்மாள். கையில் விளக்குமாறு. என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த வாய் திறந்தது.

"என்னாடி, பெத்தவளுக்குப் பேரு மறந்துபோச்சா?" என்றாள். பிறகு என்னைத் தாண்டிப் போய், அவள் மகனைக் கூப்பிடுவாளே அதே குரலில், கொட்டகையே அதிரக் கத்தினாள். "டேய் மித்ரி! மித்ரி! ஒங்க ஆத்தா சாப்பிடக் கூப்புடுறாடா, வா!"

இரண்டு பேருமே திரும்பினார்கள். மித்ரியும் திரும்பினான். அந்தப் பேரைக் கேட்டுத் துரையும் திரும்பினார்.

நான் கருப்பம்மாளின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் தரவில்லை. விளக்குமாற்றைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் சுண்டி, பற்றவைத்திருந்த சட்டியின் அடி கழன்று அடுப்பில் விழுந்திருந்தது. கிழங்கை நெருப்பிலிருந்து பொறுக்கி, சாம்பலை ஊதிவிட்டு வைத்தேன். துரை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சட்டி அவ்வளவுதான்.

மங்களம்